அரை டேங்க் தூரம்

எங்கள் ஊரில் யாராவது "வேண்டாம்" என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்றால் முதலில் வேண்டாம் என்பார்கள். அது மரியாதை. மறுபடி கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்பார்கள். அதுவும் மரியாதைதான். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரைக் கப்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொன்ன ஆளை இந்த ஜூன் மாதம் வரை நான் பார்த்ததில்லை. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டன் பூட்டன்கள் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த வழக்கம் இது. அயோவாவின் இந்த மூலையில் மக்காச்சோளத்துக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது இதுதான். லவோனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவள் மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

லவோன் எனக்கு எதிர் வீடு. எதிர் வீடு என்றால் நடுவில் ஒரு மண் சாலையும் அரை மைல் சோளக்காடும் உண்டு. எழுபது தாண்டியவள். நெட்டையாக, ஒல்லியாக, ஆம்பளைக் கை மாதிரி பெரிய கைகளோடு இருப்பாள். அவள் புருஷன் எல்டன்தான் எங்கள் ஊருக்கு எத்தனால் ஆலை வரக் காரணம். வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்த்தவர். சோளத்தைக் காய்ச்சிச் சாராயமாக்கி, அதைப் பெட்ரோலில் கலக்க நாடெங்கும் அனுப்புகிற ஆலை. அது வந்த பிறகுதான் எங்கள் சோளத்துக்கு விலை வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்தது. அதனால் எங்கள் ஊர் பங்க்கில் சோளம் கலக்காத பெட்ரோல் கிடையாது. கேட்பதே மரியாதையில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எல்டனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. மணிக்கணக்காகப் பேசி ஊரையே மசிய வைத்த மனிதருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "லவோன்." பசித்தால் லவோன், குளிர்ந்தால் லவோன், தொலைக்காட்சியில் பேஸ்பால் முடிந்தால் லவோன். அதுவும் சத்தமாக வராது என்பதால் இடது கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுத்து வைத்திருந்தாள். அந்த மணிச் சத்தம் வராத நேரம் அவளுக்கு வாரத்தில் ஒரு தடவைதான். வியாழக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை.

வியாழக்கிழமை அவள் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவாள். ஒரு மைல் தள்ளி, சோளக்காட்டு நடுவில் இருக்கிற எங்கள் லூதரன் சர்ச்சின் கல்லறை. அந்த வேலையை ஒரு காலத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்துச் செய்தோம். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, லவோன் மொத்தமாக எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் நான் போய் எல்டன் பக்கத்தில் உட்காருவேன். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். எவர் சத்தத்துக்கும் அசைய மாட்டேன். நான் இருந்தால் அவரும் மணியை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாகத் தூங்கிப் போவார்.

அவள் புல் வெட்டுவது அவள் அப்பா விட்டுப்போன தோட்ட டிராக்டரில். எழுபது வருஷப் பழசு. வெளிறிய சிவப்பு, இரும்பு இருக்கை, அடிவயிற்றில் புல் வெட்டும் கத்தி. ஓடுகிற வேகத்துக்கு நாய் அலுத்துப்போய் முன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் அண்ணன் தம்பிகளுக்கு நிலம் போனது, அவளுக்கு இது வந்தது. எல்டனின் அத்தனை பெரிய பண்ணையில் அவளுடையது என்று சொல்ல இருந்த ஒரே பொருள்.

அந்த டிராக்டருக்குச் சோளப் பெட்ரோல் ஆகாது. அந்தக் காலத்து கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் காக்கிற மிதவை கார்க்கால் ஆனது. மேலே அரக்குப் பூச்சு. சாராயம் பட்டால் பூச்சு கரைந்து, கார்க் ஊறி, கல்லாக மூழ்கிவிடும். ரப்பர் குழாய் பிசுபிசுத்துப் போகும். போதாததற்கு, சும்மா கிடந்தால் காற்றிலிருக்கிற ஈரத்தை எல்லாம் சாராயம் உறிஞ்சி, டேங்க் அடியில் தண்ணீராகத் தேங்கும். இதெல்லாம் லவோன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்தது இதைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்.

சுத்தப் பெட்ரோல் வேண்டுமென்றால் முப்பது மைல் தள்ளி ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அங்கே நகரத்துக்காரர்கள் படகு வைத்திருக்கிறார்கள். படகு எஞ்சினுக்கும் சாராயம் ஒத்துக்கொள்ளாது, அதனால் பங்க்கில் பின்பக்கம் ஒரு பம்ப் உண்டு. மாதம் ஒரு தடவை எல்டனை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகும்போது வாங்குவாள். அந்த பம்ப்பில் இரண்டு வகையும் ஒரே குழாயில் வரும். முன்னால் வந்தவன் விட்ட மிச்சம் குழாயில் நிற்கும் என்று முதலில் கொஞ்சம் காருக்குப் போட்டுவிட்டு, பிறகுதான் கேனில் பிடிப்பாள். எல்டன் காருக்குள் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

ஊரில் தெரியாமல் இருக்குமா? கூட்டுறவுக் கடையில் காப்பிக்கு உட்காருகிற கிழங்கள் அவளைக் கண்டால் விட மாட்டார்கள்.

"என்ன லவோன், நம்ம சோளம் உன் டிராக்டருக்குச் செரிக்கலையாமே?"

"அதுக்கு வயசாயிடுச்சு. இந்த வயசுல குடிக்கப் பழகினா நல்லாவா இருக்கும்?" என்பாள் அவள்.

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனாலும் சோளத்தால் சாப்பிடுகிற வீட்டுக்காரி சோளத்தை ஒதுக்குகிறாள் என்று அவள் போன பிறகு ஒரு முணுமுணுப்பு எழும்.

வாங்கி வந்ததை அவள் வைத்துக் காப்பாற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து தள்ளி, வடக்குப் பக்கம், கல்லால் கட்டிய பழைய பால் அறை. வெயில் எட்டிப் பார்க்காது. அங்கே திருகு மூடி போட்ட தகரக் கேன்கள் வரிசையாக இருக்கும். காற்று தங்கினால் கெட்டுவிடும் என்று கழுத்து வரை நிரப்பியிருப்பாள். கெடாமல் இருக்க மருந்தும் அளந்து ஊற்றுவாள். ஒவ்வொரு கேனிலும் ஒட்டு நாடாவில் தேதி. பழையது முன்னால், புதியது பின்னால். நான் ஊறுகாய் ஜாடிகளைக்கூட இப்படி வைத்ததில்லை.

"இத்தனை பாடு எதுக்கு? ஒரு புது வண்டி வாங்கித் தொலையேன்," என்று ஒரு நாள் கேட்டேன்.

"புது வண்டியில முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆர்டிஸ்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்கிறவள் நான். இதை இத்தனை நாள் கோட்டை விட்டிருக்கிறேன். அவளுக்குப் புல்லா முக்கியம்? மணி கேட்காத அந்த இரண்டரை மணி நேரம்தான். அந்த வண்டி மெல்லப் போகிற வரை அது அவளுக்கு உண்டு.

நான் விடாமல் சொன்னேன்: "நீ சும்மாவே போயிட்டு வா. ஏரிக்குப் போ, கடைக்குப் போ. நான் இவர்கூட இருக்கேன்."

"எதுக்குப் போறது? எனக்கு வெளியில என்ன வேலை இருக்கு?"

வேலை இருந்தால் போகலாம். வேலையில்லாமல் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை சும்மா வெளியே போனாள் என்றால், ஊர் ஒன்றும் சொல்லாது. சொல்லாமலே இருக்கும், அதுதான் கொடுமை. ஊரை விடுங்கள், அவளுக்கே மனசு இடம் கொடுக்காது. அந்தக் கல்லறைப் புல்தான் அவளுடைய அனுமதிச் சீட்டு.

இப்போது என் வீட்டுக்காரர் டுவேன் கதைக்குள் வருகிறார். நல்ல மனுஷன். ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். கல்லறைக் கமிட்டித் தலைவர், ஆலையில் பங்குக்காரர், ஊரில் எவர் வீட்டில் எது உடைந்தாலும் கூப்பிடாமல் போய் நிற்கிறவர். நல்லது செய்கிறேன் என்று அவர் கிளம்பினால் நான் சாமியை வேண்டிக்கொள்வேன்.

போன அக்டோபரில், அறுவடை முடிந்த கையோடு, அவர் லவோன் வீட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறார்.

"குளிர் வருது. உன் டிராக்டரை நான் ரெடி பண்ணி வச்சிடறேன்."

"வேண்டாம் டுவேன். நான் பார்த்துக்குவேன்."

"எனக்கு ஒரு மணி நேர வேலை. நீ ஏன் கஷ்டப்படற?"

"வேண்டாம், நிஜமாவே வேண்டாம்."

மூன்றாவது தடவை கேட்க அவர் வாயைத் திறக்கவும் உள்ளே மணி அடிக்கவும் சரியாக இருந்தது. லவோன் ஓடிவிட்டாள். இவருக்கு இரண்டு வேண்டாம் கிடைத்தது. எங்கள் ஊர்க் கணக்கில் அது சரி என்றுதானே அர்த்தம்? அவள் முந்தின வாரமே டேங்க்கைக் கழுத்து வரை சுத்தப் பெட்ரோலால் நிரப்பி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, குழாயை மூடி, கார்புரேட்டரை வற்றவிட்டு, எல்லாம் முடித்து வைத்திருந்தாள். அது இவருக்குத் தெரியாது. ஏதோ பழைய பெட்ரோல் என்று அத்தனையும் இறக்கி எறும்புப் புற்றில் கொட்டிவிட்டு, எங்கள் வீட்டுப் பீப்பாயிலிருந்து சோளப் பெட்ரோலை நிறைய ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, திருப்தியாக வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறார். எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர் என்று சொன்னேன், அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

பனிக்காலம் முழுக்க அது அப்படியே கிடந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, லவோன் என் சமையலறைக்குள் வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. மேசைமேல் வைத்தாள். அடியில் தண்ணீர், மேலே பெட்ரோல். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு.

"தண்ணிய இந்தக் கோடு வரைக்கும்தான் ஊத்தினேன். மேல டேங்க்ல இருந்த பெட்ரோலை ஊத்திக் குலுக்கி வச்சேன். இப்பப் பாரு."

தண்ணீர் கோட்டுக்கு மேல் ஏறி நின்றது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"சாராயம் இறங்கித் தண்ணியோட சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சுத்தப் பெட்ரோலா இருந்தா தண்ணி கோட்டுலயே நிக்கும். யாரோ மாத்திட்டாங்க ஆர்டிஸ். வண்டி கிளம்பல. மிதவை ஊறிப்போச்சு."

யாரோ என்றுதான் சொன்னாள். யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அழவில்லை, குரல்கூட உயரவில்லை. ஆனால் அந்தப் பெரிய கைகள் குப்பியைச் சுற்றி இறுகியிருந்தன. காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, நான் மறுபடி கேட்பதற்குள் போய்விட்டாள். மணி அடிக்கும் நேரம்.

சாயங்காலம் டுவேன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்களை யாரு கேட்டா? அவ டிராக்டர்ல நீங்க எதுக்குக் கைய வச்சீங்க?"

"குளிருக்கு ரெடி பண்ணிக் கொடுத்தேன். ஏன், நன்றி சொன்னாளா?"

"நன்றியா? வண்டியவே கொன்னுட்டீங்க. அதுக்குச் சோளப் பெட்ரோல் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்."

"அட, அது சும்மா அவ பிடிவாதம்னு நினைச்சேன். நம்ம பெட்ரோலுக்கு என்ன குறை?" அவர் முகம் வாடிவிட்டது. "அவ வேண்டாம்னு ரெண்டே தடவைதான் சொன்னா ஆர்டிஸ்."

"ஒரு தடவை சொன்னா போதாதா?"

"போதும்னா நாம எல்லாரும் காப்பியே குடிச்சிருக்க மாட்டோமே."

கோபத்தில் அவர் தட்டில் கறியைக் குறைத்து வைத்தேன். அவர் கவனிக்கக்கூட இல்லை. யோசனையில் இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த மனுஷன் செய்த தப்பை இன்னொரு நல்லதால் சரிக்கட்டப் போகிறார்.

அப்படியே ஆயிற்று. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்திருக்கிறோம். லவோன் எல்டனைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தாள். டுவேன் எழுந்து தொண்டையைச் செருமினார். போரில் மாண்டவர்களின் நினைவு நாள் வருகிறது, படைவீரர் கல்லறைகளில் கொடி நட வெளியூர்ச் சனமெல்லாம் வரும், புல் முழங்கால் உயரம் நிற்கிறது, கமிட்டி ஒரு புது வெட்டு வண்டி வாங்கியிருக்கிறது, இனிமேல் புதன்கிழமைதோறும் நானே வெட்டப் போகிறேன் என்றார்.

"நம்ம லவோன் இத்தனை வருஷம் தனி ஆளா சுமந்தா. வீட்டுலயும் எவ்வளவு பாடு. இனி அவ கொஞ்சம் வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். லவோன் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம் டுவேன். நானே செய்யறேன்."

"எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க," என்றாள் பக்கத்து மேசையில் ஒருத்தி.

"இல்ல. எனக்கு அது சிரமமே இல்ல. வண்டிய நான் சரி பண்ணிடுவேன். வேண்டாம்."

எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். இரண்டு ஆகிவிட்டது. அவள் மூன்றாவதுக்கு வாயைத் திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் போதகர் சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினார். கூடமே தலை குனிந்தது. லவோனும் குனிந்தாள். ஆமென் சொல்லி முடித்தபோது யாரோ அவள் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்தார்கள். எல்டன் மட்டும் ஜெபத்திலும் தலை குனியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூடத்தையே கவிழ்த்திருப்பேன். யார்மேல் கோபப்படுவது? அத்தனை பேரும் நல்லவர்கள். கெட்டவன் ஒருத்தன் கதவைப் பூட்டினால் உடைத்துக்கொண்டு வரலாம். இவர்கள் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கேக்கோடு நிற்கிறார்கள்.

இருந்தாலும் லவோன் வண்டியைச் சரி செய்தாள். கார்புரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய் வந்து, துண்டு துண்டாகச் சுத்தம் செய்தாள். வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததைச் சுரண்டினாள். குழாயை மாற்றினாள். மிதவையை நாள்கணக்காக ஜன்னலோரம் உலர வைத்து, சாராயத்துக்குக் கரையாத பசையை மெல்லப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினாள். டேங்க்கை அலசிவிட்டு, பால் அறையிலிருந்து வரிசையில் முதலில் இருந்த கேனை எடுத்து ஊற்றினாள். கிளம்பிவிட்டது. அந்தச் சத்தம் அரை மைல் தாண்டி என் அடுப்படி வரை கேட்டது.

கிளம்பி என்ன? புதன்கிழமை டுவேன் போய்க் கல்லறையை ஒட்ட வழித்துவிட்டு வந்திருந்தார். நினைவு நாளும் வந்து போயிற்று. ஜூன் முதல் வியாழன், நான் வழக்கம்போல் இரண்டு மணிக்கு லவோன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"நீ எதுக்கு வந்த? வெட்டியாச்சே," என்றாள்.

"எங்க வீட்டுக்காரர் வெட்டின லட்சணம் தெரியாதா? கல்லைச் சுத்தி எல்லாம் அப்படியே விட்டிருக்கார். நீ போய் ஒரு தடவை பாரு," என்று புளுகினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும் தொப்பியை எடுத்தாள்.

டிராக்டர் சத்தம் முற்றத்தைத் தாண்டியதுமே எல்டன் மணியை எடுத்துவிட்டார். எந்த வியாழனும் இப்படிச் செய்ததில்லை. அடித்தார், அடித்தார், நிறுத்தவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். போர்வை கொடுத்தேன், வேண்டாம். ஜன்னலைக் காட்டினார். "லவோன்." அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேலைக்குப் போகவில்லை. சும்மா போகிறாள்.

நான் மணியை அவர் கையிலிருந்து பிடுங்கி என் ஏப்ரன் பையில் போட்டேன். மனசு கேட்கவில்லை, போட்டேன். வெறும் கை காற்றில் தவித்தது. பாவமாக இருந்தது, என் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

நோயாளியின் கை என்று அதை நான் நினைத்திருந்தேன். ஐம்பது வருஷம் பன்றிகளையும் கயிறுகளையும் பிடித்த கை. எலும்பு நெரிந்தது. மூன்று மணிக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது, விடவில்லை. மூக்கு அரித்தது, இடது கையால் சொறிந்துகொண்டேன். தூங்கிவிட்டார் என்று மெல்ல விரலை உருவினால் கண் திறக்கும். "லவோன்," என்றார் என்னைப் பார்த்து. நான் லவோன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்மேல் கோபமும் வரவில்லை. பயந்துபோன மனுஷன். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. லவோன் தினமும் பார்த்திருக்கிறாள். நாலு வருஷமாக அவள் எங்கே இருந்தாள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது.

நாலரை தாண்டியது. ஐந்தாயிற்று. ஐந்தரைக்கு டிராக்டர் சத்தம் கேட்டதும் அவர் பிடி தளர்ந்தது. நான் வெளியே ஓடினேன். லவோன் முகமெல்லாம் சாலைப் புழுதி. சக்கரத்தில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை.

"எங்கடி போன? கல்லறையில இத்தனை நேரமா?"

"கல்லறைய நான் தாண்டிட்டேன்," என்றாள். இருக்கையைவிட்டு இறங்காமலே சொன்னாள். "சாலை நேராப் போச்சு. நானும் போனேன். டேங்க் மூடிய தொறந்து குச்சிய விட்டுப் பார்த்துப் பார்த்துப் போனேன். பாதி ஆனதும் திருப்பிட்டேன்."

"பாதியிலயா?"

"அரை டேங்க் வரைக்கும்தான் போகலாம் ஆர்டிஸ். மீதி அரை, திரும்பி வர வேணுமே."

மணி என் பையில்தான் இருந்தது. இருந்தும் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது. என் கையில் நாலு விரல் தடம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாள். தொட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புதன்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஆலைப் பங்குக்காரர் பெண்டாட்டி, பட்டப்பகலில், பின்பக்கப் பம்ப்பில் நின்றேன். கூட்டுறவுக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். அவருக்குக் கை வேறு ஆட்டினேன். முதலில் கொஞ்சம் காருக்கு, பிறகு தகரக் கேனுக்கு, கழுத்து வரை.

மறுநாள் இரண்டு மணிக்கு அந்தக் கேனை அவள் டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டினேன். லவோன் தொப்பியோடு வெளியே வந்தாள். கேனைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"சுத்தப் பெட்ரோல். இன்னொரு டேங்க்குக்கு வரும். இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வா."

"வேண்டாம் ஆர்டிஸ்."

"சும்மா எடுத்துட்டுப் போ. எல்டனை நான் பார்த்துக்கறேன். இருட்டினாலும் பரவாயில்ல."

"வேண்டாம்."

இரண்டு ஆயிற்று. எனக்குச் சிரிப்புகூட வந்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே. மூன்றாவது தடவை கேட்டேன்.

"எனக்காக எடுத்துக்கோ லவோன்."

"வேண்டாம்," என்றாள்.

மூன்றாவது வேண்டாம். அதற்கு யாரும் என்னைப் பழக்கியதில்லை. அவள் பின்னால் வந்து, நான் போட்ட முடிச்சைத் தன் பெரிய விரல்களால் நிதானமாக அவிழ்த்தாள்.

"அது இருந்தா நான் திரும்பி வரமாட்டேன்," என்றாள்.

கேனை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு டேங்க்கோடு கிளம்பிப் போனாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு பால் அறைக்குப் போனேன். ஒட்டு நாடாவில் தேதி எழுதி ஒட்டினேன். புதியது என்பதால் வரிசையில் கடைசியாக வைத்தேன். உள்ளே மணி அடித்தது. நான் போய் உட்கார்ந்து என் கையைக் கொடுத்தேன்.